ஸ்டாக் இல்லாத பதினாலாம் நம்பர்

காமிக்ஸ் புத்தகம் போட்டு விற்றே வீடு நடத்துகிற என் அண்ணி, அந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூடப் படித்தது கிடையாது. வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வாசகர்கள் மத்தியில் அவளுக்கு இருக்கும் பெயர் அப்படி. "மேடத்துக்குத் தெரியாத பக்கமா?" என்பார்கள். மேடத்துக்குத் தெரிந்ததெல்லாம் மொத்தம் எத்தனை பக்கம் என்பதுதான்.

படம் வரைகிறவன் என் அண்ணன். படத்துக்குள் பேச்சுக் குமிழிகளில் எழுத்து எழுதுகிறவன் நான். மற்றதெல்லாம் அண்ணி. மற்றது என்றால் காகிதம் பிடிப்பது, பிரஸ்காரரிடம் சண்டை போடுவது, சந்தா கட்டியவர்களுக்குப் பார்சல் அனுப்புவது, கடைக்காரர்கள் மூலை மடங்கிய புத்தகத்தைத் திருப்பி அனுப்பினால் அதே ஆட்டோவில் ஏற்றி அவர்களுக்கே திருப்பி அனுப்புவது. இவ்வளவையும் செய்துவிட்டு, எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிடுவது. கூப்பிட்டால் உடனே வருகிற ஜாதி இல்லை நாங்கள்.

கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு மருந்துக் கடை கவுண்டரில் இருந்தாள். அண்ணன் விளம்பரப் பலகை எழுதும் கம்பெனியில் இருந்தான். கையிலிருந்த சேமிப்பையெல்லாம் கொட்டி முதல் புத்தகத்தை அச்சடித்து, யாருக்கு எப்படி விற்பது என்று தெரியாமல் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தான். புதுப் பெண்ணாக வந்தவள் தன் பெட்டியை வைக்கக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். இடமில்லை. பெட்டி வைக்க இடம் வேண்டும் என்று விற்க ஆரம்பித்தவள்தான். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கட்டிலுக்கு அடியில் பெருக்கித் துடைக்கலாம் என்று ஆகிவிட்டது. பிறகு அண்ணன் வேலையை விட்டான். அதைப் பார்த்துப் பயந்துகொண்டே அவளும் விட்டாள்.

புத்தகங்களின் நாயகன் ஒரு பூட்டு ரிப்பேர்க்காரன். ஊர் ஊராகப் போவான், யாராலும் திறக்க முடியாத பூட்டைத் திறப்பான், திறந்ததால் வம்பில் மாட்டுவான். தொடருக்குப் பெயரே 'பூட்டுக்காரன்'தான். ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் வரிசை எண் இருக்கும். அலமாரியில் அடுக்கினால் எண்கள் வரிசையாகத் தெரிய வேண்டும் என்பது அண்ணியின் யோசனை. நடுவில் ஒன்று இல்லாவிட்டால் வாசகனுக்குச் சோறு இறங்காது, ஓடி வந்து வாங்குவான் என்றாள். அந்த யோசனையே ஒருநாள் அவள் கழுத்தைப் பிடித்தது.

"ஒண்ணையாவது படிச்சுப் பாக்கக் கூடாதா அண்ணி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மாத்திரையை முழுங்கிப் பாத்துட்டா தம்பி விக்கிறோம்?" என்றாள்.

அவள் விற்கும் விதமே தனி. போனில் ஒரு வாசகர் வந்தால் முதலில், "உங்களுக்கு எது பிடிச்சிருந்துச்சு?" என்று கேட்பாள். அவர் மூச்சு விடாமல் பேசுவார். இவள் "ம்... ம்..." என்று ஒருபக்கம் பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருப்பாள். அடுத்த போனில் வருகிறவரிடம், "எட்டாம் நம்பர்ல அந்தப் பாலத்துச் சண்டை இருக்கு பாருங்க, அதுக்கே காசு குடுக்கலாம்" என்பாள். முன்னவர் சொன்னதைப் பின்னவருக்குச் சொல்வது, பின்னவர் சொன்னதை அதற்கடுத்தவருக்குச் சொல்வது. இப்படியே அவள் பெரிய ரசிகையாகிவிட்டாள்.

அண்ணனுக்கு மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. ஒவ்வொரு புத்தகமும் பைண்டிங் ஆகி வந்ததும் முதல் பிரதியை அவளிடம்தான் கொடுப்பான். கொடுத்துவிட்டு வேறு எதையோ தேடுவதுபோல் அங்கேயே நின்றுகொண்டிருப்பான். அவள் விரித்து, நடுப்பக்கத்தைப் பிடித்து இழுத்து, பிய்ந்து வருகிறதா என்று பார்ப்பாள். ஓரத்தில் விரலை ஓட்டி வெட்டு நேராக இருக்கிறதா என்று பார்ப்பாள். "நல்லா வந்திருக்குங்க" என்பாள். அண்ணன் தலையாட்டிவிட்டுப் போவான். எத்தனையோ பேர் எழுதிப் பாராட்டியிருக்கிறார்கள். பரிசுகூட ஒன்று கிடைத்தது. ஆனாலும் அவனுக்கு வேண்டியிருந்தது இந்த ஒருத்தியின் வாயிலிருந்து ஒரு வார்த்தை. அதைக் கேட்டு வாங்கவும் அவனுக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வரும்.

பதினாலாம் நம்பருக்கு வருகிறேன். அட்டைகளை இரண்டிரண்டாக அடிப்பது அண்ணியின் சிக்கனம். பெரிய தாளில் இரண்டு புத்தகங்களின் அட்டை பக்கத்தில் பக்கத்தில் ஏறிவிடும். மெஷின் ஒரே தடவை ஓடினால் போதும். அப்படிப் பதினாலுக்கும் பதினைந்துக்கும் முதுகில் எண்ணோடு முன்கூட்டியே அட்டை அடித்தாகிவிட்டது. பதினாலின் அட்டையில் ஒரு பெரிய கதவு. அதில் சாவித்துவாரமே இல்லை. பூட்டுக்காரன் கருவிகளைக் கீழே போட்டுவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டிருப்பான். அண்ணன் வரைந்ததிலேயே நல்ல அட்டை அது.

உள்ளே போகும் கதையைச் சின்னச் சின்னப் பென்சில் கட்டங்களாகப் போட்டு எடுத்துக்கொண்டு, அண்ணன் ஒருநாள் காலை அடுப்படிக்குப் போனான். வரைந்து முடிக்கும் முன்பே அவளிடம் காட்டப் போனது அதுதான் முதல் தடவை. என்ன நினைத்துப் போனானோ. அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு தாள்களை வாங்கினாள். ரூபாய் நோட்டை எண்ணுவதுபோல் விறுவிறுவென்று எண்ணினாள்.

"அறுபத்தேழு வருதுங்க. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். நாலு ஃபாரம்னா அறுபத்திநாலு. மூணு கூடுது. எடுத்துடுங்க."

"எந்த மூணை?"

"எதுவானா என்ன?"

அண்ணன் தாள்களை வாங்கி, அங்கேயே நாலாகக் கிழித்து, குப்பைக் கூடையில் போட்டான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மூணுதானே எடுக்கச் சொன்னேன்?" என்று என்னிடம் கேட்டாள். மறுநாளே அவன் பதினைந்தை ஆரம்பித்துவிட்டான். அட்டையில் பதினைந்து என்று அடித்திருந்ததால் புத்தகமும் பதினைந்தாகவே வெளிவந்தது. பதினாலின் அட்டைகள் மட்டும் கட்டுக்கட்டாக மூலையில் கிடந்தன.

நல்ல கனமான அட்டை. வீணாக்க அண்ணிக்கு மனசு வருமா? பார்சலில் புத்தகம் மடங்காமல் இருக்க முட்டுக் கொடுப்பதற்கு அதையே வைக்க ஆரம்பித்தாள். பதினைந்தாம் நம்பர் வாங்கிய அத்தனை பேருக்கும் பதினாலாம் நம்பரின் அட்டை இலவசமாகப் போய்ச் சேர்ந்தது. புத்தகம் மட்டும் போகவில்லை.

போன் வர ஆரம்பித்தது. "மேடம், பதினாலு எங்க?"

மருந்துக் கடையில் இருந்த நாக்கு. யோசிக்காமல் சொல்லிவிட்டது. "ஸ்டாக் இல்லைங்க."

நான் பக்கத்திலிருந்து, "அண்ணி, அப்படி ஒரு புத்தகமே வரலையே!" என்று கையை ஆட்டினேன். ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "ஸ்டாக் இல்லைதானே? பொய்யா சொன்னேன்?" என்றாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் வாசகர்களில் ஒருவருக்குப் பாலித்தீன்காரர் என்று பெயர். ஒவ்வொரு புத்தகத்திலும் இரண்டு வாங்குவார். ஒன்று படிக்க, இன்னொன்று பாலித்தீன் உறைக்குள் போட்டு, யாரும் தொடாமல் வைக்க. வங்கியில் கேஷியர். அவரிடம் யாரோ, "பதினாலு உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்கப்போக, "இல்லாமலா?" என்றுவிட்டார். "படிச்சீங்களா?" என்றதற்கு, "அதெல்லாம் சொல்லிப் புரிய வைக்கிற புத்தகம் இல்லை" என்றாராம்.

அந்த வருஷப் புத்தகக் கண்காட்சியில் எங்கள் ஸ்டாலுக்கு முன்னால் நாலைந்து பேர் கூடி நின்று அதே பேச்சு. பூட்டுக்காரன் கதைகளிலேயே சிறந்தது பதினாலுதான் என்று ஒருவர். அவர் படிக்கவில்லை, படித்தவர் சொன்னார். அந்தக் கடைசிப் பக்கம் மாதிரி இதுவரை யாரும் வரையவில்லை என்று இன்னொருவர். பதினைந்தும் பதினாறும் அதன் பக்கத்தில் நிற்காது, ஆள் கொஞ்சம் இறங்கிவிட்டார் என்று மூன்றாமவர். ஸ்டாலின் பின்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தபடி அந்த 'இறங்கிப்போன' ஆள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த அண்ணன் பதினேழாம் நம்பரை மூடி வைத்துவிட்டான். பாதிக்கு மேல் வரைந்தாயிற்று. சந்தாக்காரர்கள் அதற்குத்தான் முன்பணம் கட்டியிருந்தார்கள். பிரஸ்காரரிடம் மெஷினுக்கு நாள் குறித்தாயிற்று.

"பதினாலு மாதிரி என்னால வரைய முடியாதுடா" என்றான்.

"பதினாலை நீ வரையவே இல்லையே!"

"அதான் சொல்றேன். வரையாததே அவ்வளவு நல்லா இருக்குன்னா, வரைஞ்சதெல்லாம் எதுக்கு?"

தான் போடாத புத்தகத்தின் மேல் பொறாமைப்பட்ட ஆள் உலகத்தில் என் அண்ணன் ஒருவன்தான் இருப்பான். முதலில் சிரித்தேன். பத்து நாளாகியும் அவன் பென்சிலைத் தொடவில்லை என்றதும் சிரிப்பு போய்விட்டது. பழைய விளம்பரப் பலகைக் கம்பெனிக்கு அவன் போன் பண்ணியதும் தெரியவந்தது. பதினேழு வராவிட்டால் சந்தாவைத் திருப்ப வேண்டும். திருப்பினால் பதிப்பகம் அவ்வளவுதான். அண்ணி மறுபடியும் கவுண்டருக்குப் போக வேண்டும், அவன் பலகைக்குப் போக வேண்டும். நான் எங்கே போவது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அண்ணி வாய்விட்டுப் புலம்புகிறவள் இல்லை. ஒருநாள் பார்சல் மேஜையைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள். "அந்தப் பதினாலைப் போட்டுத் தொலைச்சுடுவோம் தம்பி. வந்துட்டா எல்லாப் புத்தகத்தையும் மாதிரி அதுவும் ஒரு புத்தகம். இவரும் எந்திரிச்சுடுவாரு."

"கதை?"

"அதான் ஒருத்தர் படிச்சிருக்காராமே. அவர்கிட்டயே கேப்போம்."

பாலித்தீன்காரர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி எங்களைப் புத்தக அறையில் உட்கார வைத்துவிட்டு, "ஃபேன் போட மாட்டாரு, கோவிச்சுக்காதீங்க. காத்துல பக்கம் படபடக்குமாம்" என்று சொல்லிப் போனாள். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. எங்கள் புத்தகங்கள் வரிசையாக நின்றன. பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு, பதினைந்து. நான் வாயைப் பிளந்தேன்.

பாலித்தீன்காரர் வந்தார். அலமாரியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். குப்பென்று வியர்த்தது. ஃபேன் இல்லாதது ஒரு காரணம். அண்ணி எழுந்துபோய்ப் பதினாலை உருவினாள். உறைக்குள் எங்கள் அட்டைதான். அதற்குள்ளே புத்தகத்தின் கனத்துக்குச் சரியாக வெட்டிய தெர்மகோல்.

"இடைவெளி கண்ணை உறுத்துச்சு மேடம்" என்றார், குற்றம் செய்த குழந்தைபோல. "எடுத்த எடுப்புல அது மேலதான் கண்ணு போகுது. அதான்... அப்புறம் ஒருத்தர் கேட்டாரு, இருக்குன்னுட்டேன். படிச்சீங்களான்னாரு. வச்சிருக்கிறவன் படிக்கலைன்னா கேவலமில்லையா?"

அண்ணி தெர்மகோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவரே தொடர்ந்தார். "ஆனா மேடம், கதை என்னன்னு நான் யோசிக்காத நாள் இல்ல. பதிமூணு முடியறப்ப அவன் அந்த வீட்டை விட்டுப் போயிடறான். பதினஞ்சு ஆரம்பத்துல வலது கையில கட்டு. நடுவுல என்ன ஆச்சு? நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

கவுண்டரில் நின்ற நாளிலிருந்து எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த அண்ணி அன்றைக்கு முழித்தாள். சொல்வதற்கு முன்னவர் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. சொல்லக்கூடியவர் என்று நம்பி வந்த ஆளே அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பதிமூணைக் கொஞ்சம் குடுங்க" என்றாள்.

படிப்பதற்கான பிரதியைக் கொடுத்தார். அண்ணி மடியில் விரித்துக்கொண்டாள். நடுப்பக்கத்தை இழுத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் இடப்புறக் கட்டங்களை மேலிருந்து கீழே வரை படித்துவிட்டு, பிறகு அதே பக்கத்தின் வலப்புறக் கட்டங்களுக்குப் போனாள். இரண்டு பக்கம் தாண்டியதும் நிமிர்ந்தாள்.

"என்ன இவன், கேக்கிறதுக்கு முன்னாடியே பதில் சொல்றான்?"

"குறுக்கால படிக்கணும் மேடம்" என்றார் பாலித்தீன்காரர். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கண் அகன்றது. அண்ணியும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படிக்காத புத்தகத்தைப் படித்ததாகச் சொன்னவர் ஒருவர். படிக்காத புத்தகங்களையெல்லாம் விற்றவள் ஒருத்தி. யார் யாரைக் காட்டிக்கொடுப்பது? அவர் மெல்ல எழுந்து போய் ஃபேனைப் போட்டார்.

அண்ணி பதிமூன்றைப் படித்தாள், பதினைந்தையும் படித்தாள். அவர் மனைவி கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போனது. நடுவில் ஒருமுறை திரும்பி முந்தைய பக்கத்துக்குப் போய் எதையோ சரிபார்த்தாள். ஒருமுறை, "ச்சீ" என்றாள். நான் எழுதிய எழுத்துகளை அவள் கண் ஒவ்வொன்றாகக் கடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீடு திரும்பியதும் அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணனின் அறைக்குள் நுழைந்தாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

"பதிமூணுல அந்தப் பொம்பள சாவியை நீட்டினாளே, இங்கயே இருந்துடுன்னு சொன்ன மாதிரிதானே? அதை மேஜையில வச்சுட்டுப் போனானே, அறிவு இருக்கா அவனுக்கு?"

அண்ணன் திரும்பினான். எழுந்திருக்கக்கூட மறந்துவிட்டான்.

"அவ சட்டை ஒரு பக்கத்துல முழுக்கை, அடுத்த பக்கத்துல அரைக்கை. நடுவுல எப்ப மாத்தினா? பதினஞ்சு எனக்குச் சுத்தமாப் பிடிக்கல. அவளை ஒரு தடவைகூட நினைச்சுப் பாக்கலையே அவன்."

"படிச்சியா?" என்றான் அண்ணன்.

"படிக்காமலா கேக்கறேன்? பதினாலுல என்ன நடந்துச்சுன்னு அந்தப் பாலித்தீன்காரருக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அட்டையில கதவு இருக்கில்ல, சாவித்துவாரம் இல்லாத கதவு? அது அவ வீட்டுக் கதவு. இவன் திரும்பி வந்திருக்கான். வெளியிலேர்ந்து திறக்க வழியே இல்லன்னா என்ன பண்ணுவான்? தட்டியிருப்பான். உள்ள இருக்கிறவ காதுல விழற வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்திருப்பான். அதான் கையில கட்டு."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அவ திறந்தாளா?" என்று கேட்டான்.

"அதை நீங்கதான் வரையணும்" என்றாள். பிறகு, ஏதோ புரிந்ததுபோல், குரல் இறங்கி, "அவளுக்கு இவ்வளவு நாள் கேக்கலைங்க" என்றாள்.

நான் வெளியே வந்துவிட்டேன். கொழுந்தனுக்கு அங்கே என்ன வேலை? கதவைச் சாத்தும்போது அண்ணன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, "வேற என்னென்ன பிடிக்கல, ஒண்ணொண்ணா சொல்லு" என்பது காதில் விழுந்தது. அவள் ஒண்ணொண்ணாகச் சொன்னாள். சாப்பிடக் கூப்பிட அன்றைக்கு யாருமில்லை. நானே போட்டுச் சாப்பிட்டேன்.

சந்தாக்காரர்களிடம் பேசி, பதினேழைத் தள்ளிவைத்துவிட்டுப் பதினாலை முதலில் கொண்டுவந்தோம். முதல் பக்கத்தில் என்ன போடுவது என்பதில் ஒரு சண்டை. முதல் பதிப்பு என்று போட்டால் ஸ்டாக் தீர்ந்த கதை கெட்டுப்போகும். மறுபதிப்பு என்று போட்டால் முழுப் பொய். அண்ணி 'புதிய பதிப்பு' என்று போட்டாள். பழையது ஒன்று இருந்ததாக அதில் எங்கே சொல்லியிருக்கிறது என்று கேட்டாள்.

அடுத்த கண்காட்சியில் புத்தகம் பறந்தது. பாலித்தீன்காரர் வந்தார். இரண்டு வாங்கினார். ஸ்டாலிலேயே நின்று ஒன்றைக் கடைசிப் பக்கம் வரை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுற்றிலும் பழைய கூட்டம் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தொண்டையைக் கனைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "இருந்தாலும் அந்தப் பழைய பதிப்பு மாதிரி வராது."

அந்தக் கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. பின்பக்கம் ஸ்டூலில் இருந்த அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழசு இதைவிட நல்லா இருந்துச்சாமே?" என்றான்.

அண்ணி மீதிச் சில்லறையை ஒருவர் கையில் கொடுத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள். "அதை நான் படிக்கலைங்க. இதைத்தான் படிச்சேன்."

அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு, மடியில் அட்டையை வைத்து, அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே பதினேழின் மிச்சத்தை வரைய ஆரம்பித்தான்.